தினமும் ஒரு முகம்: எதைப் பார்த்துக் கீறுவது?

என்னிடம் சித்திரம் படித்த பிள்ளை ஒருத்தி போன மாதம் மட்டக்களப்புக் கல்லடிக்கு வீடு தேடி வந்திருந்தாள். இப்போது வேலைக்குப் போகிறாள். காலையில் இரண்டு மணித்தியாலமும் ஒரு சின்ன அறையும் அவளுக்கென்று கிடைத்திருக்கின்றன. "சேர், இனி ஒவ்வொரு நாளும் எண்ணெய் வர்ணத்தில முகம் கீறப் போறன். ஆக்களை இருத்திவச்சுக் கீறவா, ஒரே படத்தை மாதக்கணக்கா வச்சுச் செய்யவா, போட்டோ பாத்துக் கீறவா?" என்று கேட்டாள். தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. மூன்று வழியிலும் நான் வருடக்கணக்காக நடந்து பார்த்தவன். அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன். அவளைப் போல யோசிக்கிற மற்றவர்களுக்கும் உதவும்.

எண்ணெய் வர்ணமா அக்ரிலிக்கா என்ற கேள்விக்கு மட்டும் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். எங்கள் பக்கத்தில் கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கிற மாதங்களில் அக்ரிலிக்கைத் தட்டில் பிதுக்கிவிட்டுத் தூரிகையை எடுத்துத் திரும்பினால் அதன்மேல் ஆடை கட்டியிருக்கும். கன்னத்துக்கும் தாடைக்கும் நடுவில் இருக்கிற அந்த மெல்லிய திருப்பத்தை அதில் இழைப்பது பெரிய பாடு. எண்ணெய் வர்ணம் தண்ணீர் வற்றிக் காய்வதில்லை. ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்து மெல்ல மெல்ல இறுகுகிறது. அதனால் காலையில் வைத்த நிறம் மாலையிலும் கைக்கு இணங்கும். முகம் கீறுகிறவனுக்கு அந்த அவகாசம்தான் வேண்டும்.

இனி முதல் வழி. ஒரு நாளைக்கு ஒரு ஆள், ஒரு சின்னப் பலகை, ஒரே அமர்வு.

பலகை என்று நான் சொல்வது ஹார்ட்போர்ட். ஹார்ட்வெயார் கடையில் முழுத் தகடாக வாங்கி எட்டுக்குப் பத்து அங்குலத் துண்டுகளாக வெட்டுவித்து, இரண்டு பக்கமும் அண்டர்கோட் பூசி, அரத்தாள் போட்டுத் தேய்த்து வைத்துக்கொள்கிறேன். ஒரு பக்கம் மட்டும் பூசினால் வளைந்துவிடும். கன்வஸ் நல்லதுதான், ஆனால் மாரியில் ஈரம் குடித்துத் தளர்ந்து தொங்கும், பின்னால் பூஞ்சணம் பிடிக்கும், விலையும் கூட. தினமும் ஒன்று என்றால் பலகைதான் கட்டும். சுரண்டி எறிய மனம் வருகிற அளவுக்கு மலிவான பொருளில் கீற வேண்டும். கன்வஸில் பயந்து பயந்து கீறிய காலத்தில் என் கை வளரவே இல்லை.

ஆள் இருக்கிற கதிரையின் நாலு காலையும் சுற்றி நிலத்தில் சோக்கால் குறி போடுவேன். இருபத்தைந்து நிமிடம் இருந்தால் ஐந்து நிமிடம் ஓய்வு, இப்படி நாலு தரம். முதல் இருபத்தைந்து நிமிடத்தில் கண், மூக்கு ஒன்றும் கிடையாது. வெளிச்சம் விழுந்த இடம், விழாத இடம் என்று இரண்டாகப் பிரித்து, அந்த வடிவங்களை மட்டும் வைப்பேன். இரண்டாவது தரத்தில் அவற்றின் நிறம். இந்த இடத்தில் படம் எப்போதும் பார்க்கச் சகிக்காது. பதினைந்து வருடமாகியும் அந்த நேரத்தில் வயிற்றுக்குள் ஒரு கலக்கம் வரத்தான் செய்கிறது. இன்றைக்குப் பிழைத்துவிட்டது, இந்த மனுசரின் காலை நேரத்தை வீணாக்கிவிட்டேன் என்று தோன்றும். மூன்றாவது தரத்தில் ஏதோ ஒரு கோடு, பெரும்பாலும் கண்ணிமையின் மேல் மடிப்பு அல்லது உதட்டுக்குக் கீழே விழுகிற நிழல், சரியான இடத்தில் விழும். உடனே பலகையிலிருந்து அந்த ஆள் உங்களைப் பார்ப்பார். அது நடக்காத நாட்களும் உண்டு. எனக்குப் பத்துப் பலகையில் இரண்டு தேறினால் நல்ல வாரம். மற்றதை அன்றைக்கே கத்தியால் சுரண்டிவிடுவேன். சுரண்டிய பிறகு மிஞ்சுகிற சாம்பல் சாயலின் மேல் அடுத்த முகம் வடிவாக எழும், அது ஒரு ஆறுதல்.

கஷ்டம் எங்கே என்றால் ஆள் பிடிப்பதில். வாரத்துக்கு ஏழு முகம் வேண்டும். பக்கத்து வீட்டு மாமி வருவா, முச்சக்கரவண்டி ஓடுகிற தம்பி பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவான், வாவியில் வலை வீசிவிட்டு வருகிற ஐயா அரை மணித்தியாலத்தில் எழும்பிப் போய்விடுவார். சின்னப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முகம் கீறுவதை மார்க்கத்தின்படி விரும்பாத முஸ்லிம் குடும்பங்களும் எங்களுக்கு அயலில் இருக்கின்றன. முன்கூட்டியே கேட்டு, இல்லை என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருப்பதால் இங்கே கீறத் தெரிந்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. இரண்டு பேர் சேர்ந்து மாறி மாறி இருந்தால் வாரத்தில் பாதி நாள் தீர்ந்துவிடும் என்று அவளுக்குச் சொன்னேன்.

அப்புறம் நிறம். வெளிநாட்டுப் புத்தகங்களில் தோலுக்கென்று சொல்கிற இளஞ்சிவப்புக் கலவை எங்கள் முகங்களுக்கு உதவாது. சுவீடன் ஓவியர் அன்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரால் சொல்லப்படுகிற நாலு நிறத் தட்டு ஒன்று உண்டு: வெள்ளை, மஞ்சள் ஓக்கர், வெர்மிலியன் சிவப்பு, கறுப்பு. அதில் தொடங்கலாம். நான் அதோடு பேர்ன்ட் சியென்னா என்கிற செம்மண்ணிறமும் அல்ட்ராமரீன் நீலமும் வைத்துக்கொள்கிறேன். கறுத்த தோலில் பளபளப்பு விழுகிற இடத்தில் வெள்ளையை அப்பினால் மாப்பூசிய முகமாகிவிடும். உற்றுப் பாருங்கள், நெற்றியிலும் கன்ன எலும்பிலும் வானத்தின் நீலம் படிந்திருக்கும். தாடைக்கு அடியில் மண்ணின் சூடு தெறித்திருக்கும். அதைக் கண்டுபிடித்து வைத்த நாளில் எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்காது.

ஆனால் இருந்தவர் எழும்பி வந்து பார்த்துவிட்டு முதலில் கேட்கிற கேள்வி, "நான் இவ்வளவு கறுப்பா?" சொல்லும்போது குரல் கொஞ்சம் உடையும். எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். கோபம் அவர்கள்மேல் இல்லை. சின்ன வயதிலிருந்து யார் யாரோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் அந்தக் குரலில் வருகிறது. நான் வெளுப்பாக்கித் தருவதில்லை. கண்டி திரித்துவக் கல்லூரித் தேவாலயச் சுவர்களில் இலங்கை ஓவியர் டேவிட் பெயின்டர் (1900–1975) பைபிள் காட்சிகளை இந்த நாட்டு மரஞ்செடிகளுக்கும் மண்ணிற மனிதர்களுக்கும் நடுவில் கீறிவைத்தார். அந்த மண்ணிறத்துக்குள் எத்தனை நிறம் இருக்கிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். என்னிடம் கேட்கிறவர்களைப் பலகைக்குக் கிட்டக் கூட்டிவந்து, "இது நீலம், இது சிவப்பு, இது பச்சை, எல்லாம் உங்கட முகத்தில இருந்து எடுத்தது" என்று தொட்டுக் காட்டுவேன். சிலர் அதற்குப் பிறகு வெகுநேரம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் புத்தகங்கள் இதில் எங்களை ஏமாற்றிவிடும். வடக்கு ஜன்னலில்தான் இரு, அங்கே வெயில் விழாது, வெளிச்சம் நாள் முழுக்க மாறாது என்று எழுதியிருக்கும். ஐரோப்பாவுக்கு அது சரி. மட்டக்களப்பு வட அகலாங்கு 7.7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை எங்களுக்கு நடுப்பகல் சூரியன் வடக்குப் பக்கம்தான் நிற்கிறது. நான் நம்பி வைத்த வடக்கு ஜன்னலால் மே மாதத்தில் வெயில் நேரே உள்ளே வந்து இருந்தவரின் மூக்கை இரண்டாகப் பிளந்தது. பழைய வெள்ளை வேட்டியொன்றை ஜன்னலில் இழுத்துக் கட்டித்தான் சமாளித்தேன். மாரியில் இந்தத் தொல்லை இல்லை. மேகம் மூடிய வானம் பெரிய வெள்ளைத் துணி மாதிரி, மணிக்கணக்காக ஒரே வெளிச்சம் தரும். கொஞ்சம் மங்கல்தான், ஆனால் நிலையானது.

இந்த வழியில் கிடைக்கிற திருப்திக்கு ஒரு உதாரணம் சொல்லாமல் விட முடியாது. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற எழுபது தாண்டிய அம்மா ஒருவர், யாவாரம் முடிந்த ஒரு நாள் கூடையை வாசலில் வைத்துவிட்டு இருந்தா. முடிந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தா. "இது நான் இல்ல மனே. எங்கட அம்மா. அம்மா சாகக்குள்ள இப்பிடித்தான் இருந்தவ" என்றா. படம் பிழைத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இரவு படுத்த பிறகுதான் அவ சொன்னது விளங்கியது.

இரண்டாவது வழி, ஒரே முகத்தை நாட்கணக்காக, படை படையாகக் கட்டுவது. 2002இல் பிரித்தானிய ஓவியர் லூசியன் ஃபிராய்ட் இன்னொரு ஓவியரான டேவிட் ஹொக்னியின் முகத்தைக் கீறினார். அதற்காக ஹொக்னி நூறு மணித்தியாலத்துக்கும் மேல் இருந்தார். பதிலுக்கு ஃபிராய்ட் ஹொக்னிக்கு இருந்தது சில மணித்தியாலம்தான். நூறு மணித்தியாலம் இருந்துதரக்கூடிய ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. எனக்கு அப்படிக் கிடைத்தது அப்பா மட்டும். ஓய்வூதியம் எடுத்து வீட்டில் இருந்த வருடம், தினமும் அரை மணித்தியாலம் என்று ஐந்து மாதம் இருந்தார். அவர் முகத்தை அப்படிப் பார்த்திராவிட்டால் எனக்கு அவரைத் தெரியாமலே போயிருக்கும்.

இந்த வழிக்கு வேதியியல் தெரிய வேண்டும். கீழ்ப்படை டர்பன்டைனில் கரைத்து மெலிந்ததாக, மேற்படை எண்ணெய் கூடியதாக இருக்க வேண்டும். மாறிப் போனால் மேல்தோல் முதலில் இறுகி, கீழே உள்ளது பிறகு அசைந்து, வெடிக்கும். அம்பர் வகை மண்ணிறங்களில் மங்கனீசு இருப்பதால் ஓரிரு நாளில் காயும். டைட்டேனியம் வெள்ளையும் ஐவரி கறுப்பும் நன்றாகச் சுணங்கும். மாரியில் ஒரு கிழமை கழித்தும் விரலில் ஒட்டும். அதனால் கீழ்ப்படையை அம்பரில் வைப்பது வசதி. சில ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கிற கொதிக்கவைத்த ஆளி விதை எண்ணெயை மலிவென்று வாங்க வேண்டாம். அதில் உலோக உலர்த்திகள் கலந்திருக்கும், நாளடைவில் படம் கறுத்து மஞ்சளித்துவிடும். அது கதவுக்குத்தான் சரி.

படைமுறையில் முகம் ஆழமாகும், ஆனால் கை சோம்பலாகும். இன்று பிழைத்தால் நாளை திருத்தலாம் என்ற எண்ணம் வந்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவர் ஒரு வருடத்தில் மூன்று முகம் கீறியிருப்பார். முதல் வழியில் போனவர் இருநூறு கீறி நூற்றறுபதைச் சுரண்டியிருப்பார். யார் கூடக் கற்றிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆள் கிடைக்காத நாளில் என்ன செய்வது என்றால், கண்ணாடி. ரெம்பிரான்ட் (1606–1669) எண்ணெய் வர்ணத்தில் மட்டும் நாற்பதுக்குக் கிட்டத் தன் முகத்தைக் கீறினார். கண்ணாடியில் இருப்பவர் கூப்பிட்ட நேரத்துக்கு வருவார், கறுப்பு என்று குறை சொல்ல மாட்டார். ஆனால் உற்றுப் பார்க்கிற அந்த ஒரே பார்வைதான் எப்போதும் வரும். கிழமைக்கு ஒரு நாள் போதும்.

மூன்றாவது, போட்டோ. இதில்தான் காசு இருக்கிறது. மறைந்தவரின் படத்தை 31ஆம் நாளுக்கு வேண்டும் என்று கேட்டு வருவார்கள். இரவில் பல்ப் வெளிச்சத்தில் செய்யலாம், ஆள் அசையாது, தூங்காது. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் அந்த வசதியும் போய், காலை வெளிச்சத்தில் ஆளை இருத்திக் கீறத் தெரிந்த கைதான் மிஞ்சியது என்பது வேறு விஷயம்.

போட்டோவின் குறை என்னவென்றால், அது தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லும். கையடக்கத் தொலைபேசியைக் கிட்டப் பிடித்து எடுத்தால் மூக்கு பெருத்து, காது பின்னால் ஓடிவிடும். ஃப்ளாஷ் அடித்தால் முகம் தட்டையாகும். எங்கள் தோலின் நிழல் பகுதியைக் கமெரா ஒரே கறுப்பாக விழுங்கிவிடும், அதற்குள் இருக்கிற சிவப்பையும் நீலத்தையும் நேரில் நூறு முகம் பார்த்தவன் மட்டும்தான் திரும்ப வைக்க முடியும். போட்டோவில் தொடங்கியவர்களின் படங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கோடு எல்லாம் சரியாக இருக்கும், முகத்துக்குப் பின்னால் மண்டையோடு இருக்காது.

அதனால் அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னது இதுதான். முதல் வருடம் நேரில், சின்னப் பலகையில், ஒரே அமர்வில். மாரி மாதங்களை அதற்குக் கட்டாயம் வைத்துக்கொள், வெளிச்சமும் நிலையாக இருக்கும், வர்ணம் ஈரமாகவே இருப்பதால் விட்ட இடத்தை அடுத்த காலையும் தொடரலாம். கச்சான் காலத்தில் வெயில் ஜன்னலால் வரும், ஆனால் படைகள் கெதியாகக் காயும், அப்போது வீட்டில் உள்ள ஒருவரை வைத்து ஒரே ஒரு நீளப் படம் செய். போட்டோ வேலைக்கு இரண்டாவது வருடத்துக்கு முன்னால் ஒத்துக்கொள்ளாதே, எவ்வளவு தருகிறோம் என்றாலும். ஈரப் பலகைகளை அடுக்க இடைவெளி விட்டு ஒரு தட்டு அடித்துக்கொள், மழை இருண்டால் லைட்டைச் சுற்றி வருகிற ஈசல் எல்லாம் உன் படத்தில்தான் இறங்கும். தூரிகையை முதலில் தேங்காய் எண்ணெயில் அலசு, பிறகு சவர்க்காரம் போட்டு எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் கழுவு, தேங்காய் எண்ணெய் காயாத எண்ணெய், வர்ணத்தில் கலந்தால் படமும் காயாது. ஆளி விதை எண்ணெய் தோய்ந்த சீலைத் துண்டுகளைச் சுருட்டி மூலையில் போடாதே, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், தண்ணீர் உள்ள தகரத்தில் போட்டு மூடு.

போட்டோவைத் தள்ளிப் போடச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. நான் கீறியதில் எனக்கு மிகப் பெரியது என்று நினைக்கிற முகம் போட்டோவிலிருந்து வந்ததுதான்.

நாவலடிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி வந்திருந்தா. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தாயும் வீடும் போன குடும்பம். வீட்டோடு எல்லாப் படமும் போய்விட்டது. உறவுக்காரர் ஒருவரிடம் இருந்து கிடைத்தது அடையாள அட்டைக்கென்று எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம், தபால் முத்திரை அளவு. அதில் இருந்தது இருபது வயதுகூட ஆகாத ஒரு பிள்ளை. இவவுக்கு வேண்டியது தனக்குப் பதினாலு வயதில் தலை இழுத்துவிட்ட அம்மா, முப்பத்தாறு வயது அம்மா. இரண்டு தரம் கீறினேன். இரண்டு தரமும் வயதாக்கப்பட்ட ஒரு அட்டைப் படம்தான் வந்தது. காசைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்ல வாய் வந்துவிட்டது.

அப்போது மீன்காரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. இவவுக்கு இப்போது வயது முப்பத்தைந்து. "மூணு காலை எனக்கு வந்து இருக்க ஏலுமா தங்கச்சி?" என்று கேட்டேன். ஏன் என்று கேட்காமல் வந்தா. மார்கழி மாதம், வெளியே நல்ல மழை. மூன்று பலகை கீறினேன். கன்னத்தின் நிறமும், இமை மடிகிற விதமும், கழுத்தில் விழுகிற இரண்டு கோடும் அதிலிருந்து கிடைத்தன. பிறகு அந்த மூன்று பலகையையும் அட்டைப் படத்தையும் எதிரே வைத்துக்கொண்டு நான்கு நாளில் தாயைக் கீறினேன். இந்த முறை பலகையில் ஒரு மனுசி இருந்தா.

பார்க்க வந்தவ அழவில்லை. கிட்டப் போனா, தள்ளி நின்றா, திரும்பவும் கிட்டப் போனா. "கண் அம்மாதான். மூக்கு கொஞ்சம் பெரிசு. இது அம்மாட மூக்கு இல்லை, என்ட மூக்கு" என்றா.

சரியாகத்தான் சொன்னா. மகளிடமிருந்து நான் கூடுதலாக எடுத்துவிட்டேன். மழையில் வர்ணம் இன்னும் ஈரமாகவே இருந்தது. அந்த இடத்தை மட்டும் துணியால் துடைத்தெடுத்து, அட்டைப் படத்தைப் பலகை தாங்குகிற ஈஸலின் ஓரத்தில் குத்திவைத்து, மூக்கைத் திரும்பத் தொடங்கினேன். சோக்குக் குறிக்குள் இருந்த கதிரையை அவ இழுத்து எனக்குப் பின்னால் போட்டுக்கொண்டு இருந்தா. "இன்னும் கொஞ்சம் மெலிசு." "நுனி இப்பிடி இல்ல, கீழ." "இப்ப கூடிப்போச்சு." பதினொரு மணி வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தா. நான் துடைத்துத் துடைத்துக் கீறிக்கொண்டிருந்தேன்.